காய் நறுக்கும் பலகை: எங்கே கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது

மரவேலை பழகுகிறவர்கள் பலரும் முதலில் கைவைப்பது காய் நறுக்கும் பலகையில்தான். நாலைந்து சட்டம், பசை, இரண்டு கிளாம்பு, உப்புத்தாள், கொஞ்சம் எண்ணெய். சனிக்கிழமை ஆரம்பித்தால் ஞாயிறு சாயங்காலம் பலகை கையில் இருக்கும். வீட்டில் எல்லாரும் தடவித் தடவிப் பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் மேடையில் வைத்தால் டக் டக்கென்று ஆடும். ஆறாவது வாரம் ஒட்டில் ஒரு கோடு தெரியும். அப்புறம் ஒருநாள் அம்மா ஒன்றும் சொல்லாமல் பழைய அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம் வீடுகளுக்கு இந்தப் பலகை புதுசு. அரிவாள்மனையில் காய்தான் இரும்பைத் தேடிப் போகும். கட்டை காலுக்கடியில் சும்மா கிடக்கும். அதன்மேல் வெட்டு விழாது. மரத்தின் மேல் வெட்டுகிற பழக்கம் இருந்தது கறிக்கடையில். அங்கே உள்ள புளியமரக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தைக் குறுக்கே அறுத்து அப்படியே நிறுத்தியிருப்பார்கள், வளையம் எல்லாம் வானத்தைப் பார்த்தபடி. எங்கள் தெருக் கடைக்காரர் அந்தக் கட்டைமேல் தண்ணீரைக் கொட்டி நான் பார்த்ததில்லை. கத்தியால் சுரண்டுவார், கல் உப்பைப் போட்டுத் தேய்ப்பார், சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போவார். மரத்தை அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியவில்லை என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் புரிந்தது.

இதுவரை பதினைந்து, இருபது பலகை செய்திருப்பேன். அதில் பாதி ஏதோ ஒரு புகாரோடு திரும்பி வந்தது. கத்தியால் கெட்டது ஒன்றுகூட இல்லை. எல்லாம் தண்ணீர் செய்த வேலை: ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் இறங்கியது, மரம் அசையவே வழியில்லாமல் நான் கட்டிப்போட்டது. கீழே உள்ளவற்றை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

நான் மனத்தில் வைத்துப் பேசுகிற பலகை இது: தேக்கு, 38 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம், ஆறேழு சட்டங்களைப் பக்கவாட்டில் ஒட்டியது. எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. இந்த அளவை எங்கிருந்தும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டு சிங்க்கில் சாய்த்துப் பிடித்துக் கழுவ முடிகிற அளவு இது. நீங்களும் படம் போடுவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு சிங்க்குக்குப் போங்கள்.

மேடையில் வைத்தால் ஆடுகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு, வைத்தியமும் வேறு வேறு. அதனால் முதலில் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

சமையல் மேடை கிரானைட்டாக இருந்தால் அதைவிட நல்ல மட்டம் வீட்டில் கிடையாது. அதைத் துடைத்துவிட்டுப் பலகையை வையுங்கள். நாலு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். பிறகு புரட்டிப் போட்டு அதையே செய்யுங்கள். ஒரு பக்கம் வைத்தால் நடுமுதுகில் உட்கார்ந்து ஆடுகிறது, புரட்டினால் இரண்டு ஓரத்தில் கெட்டியாக உட்கார்ந்து நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறது என்றால் அது குழிவு. புரட்டினாலும் ஆடுகிறது, அதுவும் எதிரெதிர் மூலைகள் மாறி மாறித் தூக்குகின்றன என்றால் அது முறுக்கு.

குழிவு பெரும்பாலும் கழுவுகிற விதத்தில் வருவது. மேல்பக்கத்தை மட்டும் கழுவி, அப்படியே மேடைமேல் படுக்க வைத்துவிடுகிறோம். மேல்பக்கம் காற்றில் காய்ந்து சுருங்கும். அடியில் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஈரம் போக வழியில்லாமல் அந்தப் பக்கம் உப்பும். ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் உப்பினால் அப்பளம் மாதிரி வளையாமல் என்ன செய்யும்? குழிந்த பக்கம்தான் காய்ந்த பக்கம். அதை நினைவில் வைத்தால் வைத்தியம் தானாக வந்துவிடும். நனைத்துப் பிழிந்த துண்டை விரித்து, குழிந்த பக்கம் துண்டில் படும்படி பலகையைக் கவிழ்த்து, மேலே அரிசி மூட்டையோ குழவியோ பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் பாருங்கள். நேராகியிருந்தால் துண்டை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி ஓரத்தில் நிறுத்திக் காயவிடுங்கள். பாதி நேராகியிருந்தால் இன்னோர் இரவு. வெயிலில் வைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், ஒருமுறை அப்படிச் செய்து குழிவோடு வெடிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

நேராக்கிய பலகை மறுபடியும் மறுபடியும் குழிந்தால் குற்றம் கழுவுகிறவர்மேல் இல்லை, செய்தவர்மேல். பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் எல்லாம் கிண்ணம் போல ஒரே பக்கம் வளைந்து சிரிக்கின்றனவா? அப்படியென்றால் அகலப் பலகையை அப்படியே பயன்படுத்தியிருக்கிறோம். மரம் காயும்போது அந்த வளையங்கள் நிமிரப் பார்க்கும், பலகையும் கூடவே போகும். நல்ல பலகையின் முனையில் கோடுகள் நட்டுக்குத்தாக நிற்கும். மரவாடியில் அப்படி அறுத்த பலகை கேட்டால் கிடைப்பது கஷ்டம். கிடைத்த பலகையையே 2.5 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான பட்டைகளாக நீளவாக்கில் அறுத்து, ஒவ்வொரு பட்டையையும் பக்கவாட்டில் ஒரு கால் சுற்றுத் திருப்பி ஒட்டினால் போதும், சிரித்த கோடு நட்டுக்குத்தாக நின்றுவிடும். மரம் வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, வளையத்தைக் குறுக்கே வெட்டும் திசையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திருப்பி வைத்தால் அகலத்தில் வருகிற அசைவு அந்த அளவுக்குக் குறைகிறது. கூடுதலாக ஒரு மணி நேர வேலை. நான் இதைச் செய்யாமல் இப்போது பலகை செய்வதே இல்லை.

முறுக்குக்கு ஈரத் துண்டு உதவாது. ஒட்டும்போது கிளாம்பு போட்ட இடம் மட்டமில்லாமல் இருந்திருக்கும், இல்லை பச்சை மரம் பின்னால் காய்ந்து திருகியிருக்கும். இரண்டு நேரான அலுமினியப் பட்டைகளைப் பலகையின் இரண்டு முனையிலும் குறுக்கே வைத்து, குனிந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். பின்னால் இருக்கிற பட்டை ஒரு பக்கம் தலையைத் தூக்கினால் அந்த மூலைதான் உயரம். உயரமான இரண்டு மூலைகளையும் இழைப்புளியால் குறுக்காக இழைத்து எடுங்கள். இழைப்புளி இல்லையா? 80 எண் உப்புத்தாளை (எண் குறைந்தால் சொரசொரப்பு அதிகம்) கிரானைட்மேல் விரித்து ஒட்டி, பலகையை அதன்மேல் இழுங்கள். கை வலிக்கும், ஆனால் மட்டம் வந்துவிடும். அம்மா பார்ப்பதற்குள் மேடையைத் துடைத்துவிடுங்கள்.

ஒட்டு விடுகிறது

விட்ட ஒட்டை உடனே பசை ஊற்றி மூடாதீர்கள். அதில் தகவல் இருக்கிறது. முடிந்தால் முழுசாகப் பிரித்து இரண்டு முகத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழவழவென்று பசை காய்ந்திருந்தால், சேர்ப்பதற்கு முன்பே பசை ஆடை கட்டிவிட்டது என்று அர்த்தம். சித்திரை வெயிலில், ஃபேனுக்கு அடியில், ஆறு சட்டத்துக்கும் நிதானமாகப் பசை தடவிக்கொண்டிருந்தால் முதல் சட்டத்துப் பசை அதற்குள் தோல் போட்டுவிடும். ஃபேனை நிறுத்துங்கள். காலை ஆறு மணிக்கு ஒட்டுங்கள். பசை இல்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை கிளாம்பில் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். கிளாம்பு கட்டிலுக்கு அடியில் இருக்கிறதா, பால்கனியிலா என்று பசைக் கையோடு தேடக்கூடாது.

ஒரு பக்கம் பசை, மறுபக்கம் சுத்தமான வெறும் மரம் என்றால் அந்த முகத்தில் எண்ணெயோ தூளோ இருந்திருக்கிறது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. இழைத்துவிட்டு நாலு நாள் போட்டுவைத்தால் அது மேலே வந்துவிடும். இழைத்த அன்றைக்கே ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து, அது பறந்ததும் பசை தடவுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரும் அதுதானே என்று எடுக்காதீர்கள். பலவற்றில் எண்ணெய் சேர்த்திருப்பார்கள், நாம் துடைக்க வந்ததையே திரும்பப் பூசுவதாகிவிடும்.

பசைக்கோட்டில் ஈரத்துணியை அரைமணி வைத்து, நகத்தால் கீறிப் பாருங்கள். பால் மாதிரி வெள்ளையாகி இளகினால் அது உள் அலமாரிக்கு உண்டான பசை. தண்ணீர் தாங்குகிற வெள்ளைப் பசை தனியாக இருக்கிறது. டப்பாவில் டி3 அல்லது டி4 என்று போட்டிருக்கும். டி1, டி2 சமையலறைக்கு ஆகாது. விலை வித்தியாசம் ஒரு டீ, வடை கணக்குதான், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முகத்தில் பசையே இல்லாத மாதிரி வறண்டிருந்தால் கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கி எல்லாவற்றையும் பிழிந்து வெளியே தள்ளியிருக்கிறீர்கள். நேராக இல்லாத இரண்டு ஓரத்தைப் பலத்தால் சேர்க்கப் பார்க்கும்போதுதான் இப்படி முறுக்குவோம். அதற்குப் பரிசோதனை எளிது: இரண்டு சட்டத்தையும் ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தி ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். கசியாத ஒட்டுக்கு மிதமான பிடி போதும். கோடு நெடுகப் பசை வியர்வை மாதிரி சின்னச் சின்ன முத்தாக நின்றால் சரியான அளவு. கிளாம்பை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று 15, 20 செ.மீ.க்கு ஒன்றாக மாற்றிப் போடுங்கள். எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் பலகை வில்லாகிவிடும். ஒருநாள் முழுக்க அசைக்காதீர்கள்.

விட்ட ஒட்டைச் சரிசெய்ய ஒரே வழிதான். அந்தக் கோட்டிலேயே ரம்பத்தை ஓட்டிப் பிரித்து, இரண்டு ஓரத்தையும் புது மரம் தெரிய இழைத்து, மறுபடி ஒட்ட வேண்டும். காய்ந்த வெள்ளைப் பசைமேல் புதுப் பசை பிடிக்காது. ஊசியில் ஏற்றி உள்ளே செலுத்துவது எல்லாம் அடுத்த மழைவரைக்கும்தான். அகலத்தில் மூன்று நாலு மி.மீ. போகும், போகட்டும்.

நடுவில் வெடித்துவிட்டது

இது என் சொந்தக் கதை. முதல் பலகை வளையக்கூடாது என்று பயந்து, அடியில் இரண்டு குறுக்குச் சட்டம் வைத்துப் பசை போட்டு, திருகாணியும் நாலு நாலு முடுக்கினேன். கார்த்திகையில் செய்தது. பங்குனியில் ஒருநாள் ராத்திரி சமையலறையில் பட்டென்று ஒரு சத்தம். பல்லி தட்டைத் தள்ளிவிட்டது என்று நினைத்துப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பலகை நடுவே முனையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு.

எடுத்துக்கொண்டு பக்கத்துத் தச்சுப் பட்டறைக்குப் போனேன். பெரியவர் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, மரத்துக்குக் கைவிலங்கு போட்டுட்டீங்க” என்றார். அவ்வளவுதான், வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 25 செ.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய 2 மி.மீ. வரை மாறும். நீளத்தில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. குறுக்கே ஓடுகிற சட்டத்துக்கு அதன் நீளம்தான் என் பலகையின் அகலம். சட்டம் அசையாது, பலகை 2 மி.மீ. சுருங்கியே ஆக வேண்டும். நடுவில் விட்டுக்கொடுத்தது.

பலகையில் குறுக்குச் சட்டமோ, நாலு பக்கமும் அழகுக்கு அடித்த சட்டகமோ இருந்தால் அதைக் கழற்றுவதுதான் முதல் வைத்தியம். பிளவு சில நாளில் தானாகவே பாதி மூடிக்கொள்வதைப் பார்க்கலாம். மிச்சத்தை மேலே சொன்னபடி அறுத்து ஒட்டுங்கள். கோடு நின்ற பட்டைகளால் செய்த இந்த அளவுப் பலகைக்குக் குறுக்குச் சட்டம் தேவையே இல்லை. அழகுக்கு வேண்டுமென்றால் ஓரத்தைச் சரித்து இழையுங்கள், பார்க்க மெல்லிசாகத் தெரியும், தூக்கவும் விரல் நுழையும்.

பிளவு நடுவில் இல்லாமல் இரண்டு முனையிலும் மயிரிழை மாதிரிப் பல கீறலாக இருந்தால் கதை வேறு. மரம் தன் முனை வழியாகத்தான் மிக வேகமாகக் காயும். எண்ணெய் பூசும்போது முனையை மறந்திருப்பீர்கள். முனை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவும் கொடுங்கள். முகத்துக்கு ஒரு பூச்சு என்றால் முனைக்கு மூன்று. கீறல் ஆழமாக இருந்தால் அந்த ஒரு செ.மீ.யை அறுத்துத் தள்ளிவிடலாம். பலகை செய்யச் சேர்த்து வைக்கும் மரத்துக்கும் இது பொருந்தும். வெட்டிய அன்றே முனைகளில் மெழுகோ பழைய பெயிண்டோ பூசி வைத்தால் பாதி மரம் வீணாகாமல் தப்பும்.

கழுவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாகிறது

இது கோளாறு இல்லை, பாதியில் விட்ட வேலை. உப்புத்தாள் தேய்க்கும்போது மரத்தின் நார்கள் படிந்து கிடக்கும். முதல் தண்ணீர் பட்டதும் எழுந்து நிற்கும். அதை நாமே முன்கூட்டி எழுப்பிவிட வேண்டும். 80, 120, 180 என்று தேய்த்து வந்து, ஈரத்துணியால் பலகை முழுக்க நனைத்துக் காயவிட்டு, 220 எண் தாளால் லேசாக ஓட்டுங்கள். மறுபடி நனைத்து, மறுபடி ஓட்டுங்கள். மூன்றாம் முறை நனைத்தால் எழ நார் இருக்காது. எண்ணெய் பூசியபின் இந்தப் புகார் வந்தாலும் இதேதான், பிறகு எண்ணெய் மறுபடி பூசிவிடுங்கள்.

வேப்பம்பலகையில் இது கூடுதலாகத் தொல்லை தரும். அதன் ரேகை ஒரு வரி இப்படியும் அடுத்த வரி அப்படியும் பின்னிக்கொண்டு போகும். எந்தத் திசையில் இழைத்தாலும் எங்காவது பிய்த்துக்கொண்டு வரும். அதில் இழைப்புளியோடு சண்டை போடாமல் சுரண்டும் தகடும் (செய்முறை கடைசியில்) உப்புத்தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கறை: மஞ்சள், சிவப்பு, கருப்பு

மஞ்சள் கறை நம் சமையலறைக்கே உரியது. பச்சை மஞ்சள் நறுக்கினாலோ, மஞ்சள் தடவிய மீனை வைத்தாலோ பலகை முழுக்கப் பூசிக்கொள்ளும். பதறிப்போய்ப் பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுத் தேய்ப்போம். கண்ணெதிரே மஞ்சள் ரத்தச் சிவப்பாகும். முதன்முதலில் பார்த்தபோது கையைத்தான் வெட்டிக்கொண்டேனோ என்று பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிறதே, அதே சங்கதி. காரம் பட்டால் மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கும். அரை எலுமிச்சையைத் தேய்த்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். மீதி மஞ்சளைப் போக்கச் சோப்பால் ஆகாது, வெளிச்சத்தால் ஆகும். அந்த நிறம் வெயில் தாங்காது. இரண்டு பக்கமும் நனைத்துத் துடைத்த பலகையை இளவெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படி வைத்தால் கறை மங்கி மறையும். உச்சி வெயிலில் படுக்க வைத்தால் முதல் புகாருக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

கருப்பில் இரண்டு உண்டு. ஈரமான இரும்புக் கத்தியை இரவெல்லாம் பலகைமேல் விட்டால் கத்தியின் வடிவிலேயே நீலம் கலந்த கருப்பு விழும். மரத்தில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வருவது அது. கலம்காரித் துணியில் கடுக்காயும் துருவும் சேர்ந்து கருப்பு எடுப்பார்கள், அதையே நாம் தெரியாமல் செய்துவிடுகிறோம். எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு ஊறவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். மெல்லிய எஃகுப் பஞ்சால் பலகையைத் தேய்க்காதீர்கள். அதன் இழைகள் மரத்தில் தங்கி, ஈரம் படும்போதெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுக்கும்.

இன்னொன்று பூஞ்சை. குத்திக் குத்தி வைத்த மாதிரி, பெரும்பாலும் அடிப்பக்கத்தில், ஒட்டுக் கோட்டருகே இருக்கும். ஐப்பசி அடைமழையில் சுவரோரம் சாய்த்து வைத்த பலகைக்குத் தவறாமல் வரும். மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். 6 சதவீதமாக இருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து 3 ஆக்கித் துணியால் பூசி, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். மேலோட்டமான பூஞ்சை போய்விடும். விரல் வைத்தால் மரம் மெத்தென்று அழுந்தினால் அந்தப் பலகையை வெந்நீர் அடுப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

நாறுகிறது, பிசுபிசுக்கிறது

வெங்காயம், பூண்டு வாடை என்றால் கறிக்கடைக்காரர் முறைதான்: கல் உப்பைத் தூவி எலுமிச்சை மூடியால் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். ஊசிப்போன எண்ணெய் வாடை வந்து, தொட்டால் விரல் ஒட்டுகிறது என்றால் தவறு வேறிடத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்த கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ பூசியிருப்பீர்கள். அவை முழுசாகக் காயவும் காயாது, அப்படியே இருக்கவும் இருக்காது. மெதுவாகக் கெட்டு, பழைய அப்பளம் பொரித்த சட்டி மாதிரி ஆகும். தேங்காய் எண்ணெய் நிறைய நாள் தாக்குப் பிடிக்கும், ஆனாலும் என் முதல் தேர்வு அது இல்லை.

மருந்துக்கடையில் ‘லிக்விட் பாரஃபின் ஐ.பி.’ என்று கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் கொடுப்பது. வேறு மருந்து கலந்த வெள்ளைத் திரவத்தை நீட்டினால் வாங்காதீர்கள், நிறமில்லாத வெறும் எண்ணெய்தான் வேண்டும். வாடையும் கிடையாது, கெட்டும் போகாது. பிசுபிசுத்த பலகையை வெந்நீர், சோப்புப் போட்டுத் தேய்த்து, காய்ந்தபின் 120 எண் தாளால் புது மரம் தெரியத் தேய்த்து, இந்த எண்ணெயைத் தாராளமாகப் பூசுங்கள். இரவு விட்டு மிச்சத்தைத் துடையுங்கள். முதல் தடவை நாலைந்து நாள் தினம் ஒரு பூச்சு. தேன்மெழுகு கிடைத்தால் எடையில் ஒரு பங்கு மெழுகுக்கு நாலு பங்கு எண்ணெய் சேர்த்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீ வேண்டாம். ஆறினால் களிம்பாக நிற்கும், தண்ணீரை நன்றாகத் தள்ளும். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது, பரவி உள்ளே இறங்கினால் மறுபடி பூசும் வேளை.

ஹார்டுவேர் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளி எண்ணெய் உணவுப் பலகைக்கு வேண்டாம். சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். வேறு சாமானுக்கு அதைப் பூசினாலும் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது சூடாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காய்ந்ததும் எறியுங்கள்.

மரத்தில் கிருமி இருக்காதா, பிளாஸ்டிக்கே மேல் இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1990-களில் இதைச் சோதித்தார்கள். மரத்துக்குள் இறங்கிய பாக்டீரியா பெருகவில்லை, நாளடைவில் செத்தது. கத்தித் தழும்பு விழுந்த பிளாஸ்டிக்கைத்தான் கையால் கழுவிச் சுத்தம் செய்வது கஷ்டமாக இருந்தது. அதற்காகக் கோழி வெட்டிய பலகையைத் துடைத்துவிட்டு வெள்ளரிக்காய் நறுக்கலாம் என்று இல்லை. அதற்குத் தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள், சின்னதாக இருந்தால் போதும்.

அடியில் மாவு கொட்டுகிறது

பலகை இருந்த இடத்தில் ரவையை விட மெல்லிசான தூள், பலகையில் குண்டூசித் துளை. உளுத்துவிட்டது. வண்டு மரத்தில் உள்ள மாவுச்சத்தைத் தின்ன வருகிறது. அது மரத்தின் நடுவே உள்ள வைரத்தில் இருக்காது, வெளிச்சுற்று வெள்ளையில் இருக்கும். மாமரம், ரப்பர் மரம் இரண்டும் இதற்குப் பேர்போனவை. மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டு எடுக்கும் பழைய வழக்கம் இந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான். உளுத்த பலகைக்கு மருந்து அடித்துக் காப்பாற்ற வேண்டாம், அதில் நாளைக்கு வெள்ளரிக்காய் நறுக்க வேண்டும். தூக்கிப் போடுங்கள். பக்கத்தில் வேறு மரச் சாமான் இருந்தால் அதையும் பாருங்கள்.

அடுத்த பலகைக்கு வைரம் மட்டும் எடுங்கள். பழைய வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் தேக்கு நிலை, கதவுச் சட்டங்கள் அருமையான மரம், ஐம்பது வருடம் காய்ந்தது. ஆனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உப்புத்தாளால் தேய்த்து வீடெல்லாம் தூளாக்காமல், பட்டறையில் கொடுத்து முகத்தை அறுத்து எடுத்துவிடுங்கள். ஆணி இருந்தால் முன்கூட்டியே பிடுங்கிக் கொடுக்க வேண்டும். பிளேடு போனால் அவர் சும்மா விடமாட்டார். பெட்டி அடித்து வரும் பேலட் பலகையில் எம்.பி. என்ற முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். விஷமுள்ள எட்டி மரம் பேரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறது.

கத்தி சீக்கிரம் மழுங்குகிறது

தேக்கில் மணலின் சத்தான சிலிக்கா இருக்கிறது. மேப்பிள் பலகை வைத்திருப்பவரை விடக் கொஞ்சம் அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், அதை ஒப்புக்கொண்டுதான் தேக்கை எடுக்கிறோம். மூங்கில் பலகை இன்னும் மோசம். ஆனால் மரத்தைத் திட்டுவதற்கு முன் நறுக்கியபின் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். வெட்டிய வெங்காயத்தைக் கத்தியின் கூர்ப்பக்கத்தால் வழித்துச் சட்டிக்குத் தள்ளுகிறோம். கூரை மடக்குவது அதுதான். கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள்.

கறிக்கடைக் கட்டை மாதிரி முனை மேலே வருகிற பலகையில் கத்தி நார்களுக்கு நடுவே இறங்கும். கூரும் அதிகம் போகாது, தழும்பும் குறைவு. செய்யலாம், ஆனால் அதற்கு 4 செ.மீ.க்குக் குறையாத கனம் வேண்டும். 45-க்கு 30 செ.மீ. செய்தால் நாலு கிலோ பக்கம் வரும், கழுவத் தூக்குவது யார்? இன்னொன்று: அந்தப் பலகையைப் பட்டறையில் கனம் இழைக்கும் மெஷினில் விடச் சொல்லாதீர்கள். பிளேடு முனை நாரைப் பிடித்துப் பலகையைச் சிதறடித்துவிடும், ஆள்மேல் தெறிக்கும்.

நழுவுகிறது

ஈரத்துணியைப் பிழிந்து அடியில் விரித்தால் முடிந்தது. வேலை முடிந்ததும் துணியை எடுத்துவிட மறக்கக்கூடாது, அவ்வளவுதான். ரப்பர் கால் வைக்கலாம், அடியில் காற்றும் போகும். நான் வைப்பதில்லை. கால் வைத்தால் பலகைக்கு ஒரு பக்கம்தான், புரட்டி மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடியாது. எப்போதும் ஒரே பக்கம் நனைந்தால் என்ன ஆகும் என்று முதலிலேயே பார்த்தோம்.

கத்தித் தழும்பு

இதைப் புகாராக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வருடத்துக்கு ஒருமுறை, தழும்பில் அழுக்கு நிற்க ஆரம்பிக்கும்போது மேல்தோலை எடுத்தால் போதும். தச்சர்கள் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி எடுப்பார்கள், அற்புதமாக வரும். சாப்பாட்டுப் பலகையில் கண்ணாடிச் சில்லு தங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். பழைய கைரம்பத்தின் தகட்டை உள்ளங்கை அளவுக்குச் செவ்வகமாக வெட்டி, ஓரத்தை அரத்தால் நேராக்கி, ஸ்க்ரூடிரைவர் தண்டு போன்ற ஏதாவது கெட்டியான எஃகால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துச் சின்ன மடிப்பு ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, கட்டை விரலால் நடுவை லேசாக வளைத்து, ரேகை போகிற பக்கமே தள்ளுங்கள். வெங்காயத் தோல் மாதிரி சீவல் சுருண்டு வந்தால் சரியாக இருக்கிறது. தூளாக வந்தால் மடிப்புப் போய்விட்டது, மறுபடி அரத்தை எடுங்கள்.